சைக்கிள் ஓடைக்கு மூன்றாவது சாட்சி

மலைக்கும் ஓடைக்கும் பெயர் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. எனக்குப் பெண் கொடுத்த மாமனாரே கேட்டிருக்கிறார். "அதுங்களுக்குத்தான் ஏற்கெனவே பேர் இருக்குமே மாப்ளே?" என்றார். இருக்கும்தான். ஒன்றுக்கு நான்கு இருக்கும். அதில் எது வரைபடத்தில் ஏற வேண்டும், எந்த எழுத்தில் ஏற வேண்டும் என்று பார்ப்பதற்கு அரசாங்கம் ஓர் ஆளை நியமித்து, அவனுக்கு ஒரு பதிவேட்டையும் ஒரு ஜோடி பூட்ஸையும் கொடுத்திருந்தது. முப்பத்து நான்கு வருடமாக அந்த ஆள் நான்தான்.

விதி எளிது. ஓர் இடத்தின் பெயரை அங்கே குடியிருக்கும் மூன்று பேர் சொல்ல வேண்டும். மூவரும் வேறு வேறு வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். பதிவேட்டில் முதல் பத்தியில் பெயர், அடுத்ததில் எழுதும் விதங்கள், கடைசியில் மூன்று சாட்சிகள். சாட்சிகளின் பெயரை எழுதுவதில்லை, தொழிலும் வீடும் மட்டும்தான். 'கொல்லர், கிணற்றுக்கு எதிர்வீடு' என்றால் போதும்.

எழுதாத விதி ஒன்றும் உண்டு. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் ஜனங்கள் நல்ல சட்டை போட்ட பெயரைத்தான் சொல்வார்கள். உபாத்தியாயர் இலக்கணமாகச் சொல்வார், பணக்காரர் தன் தாத்தா பெயரைச் சேர்த்துச் சொல்வார். கேட்காதபோது தானாக வாயில் வருவதுதான் நிஜமான பெயர். ஆகவே நாங்கள் பேச்சுக் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படித் தானாக விழுந்த பெயரைச் சொன்ன சாட்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்போம். இரண்டு பெயருக்கும் மூன்று மூன்று சாட்சி கிடைத்துவிட்டால், புள்ளி அதிகம் உள்ள பெயர்தான் ஜெயிக்கும். புள்ளி பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பேச்சு. அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டது.

அந்தப் பக்கத்தில் எங்கள் வேலை பங்குவாரியாக நடந்தது. ஒரு பங்கு என்றால் ஒரு மாதா கோயில், ஒரு சாமியார், ஞானஸ்நானம் கொடுக்கவும் அடக்கம் செய்யவும் அவர் நடந்து போகிற ஊர்கள். எனக்கு வந்த பங்கில் ஏழு மலை, பதினொரு ஓடை, என் அக்கா வீடு. சொந்தக்காரர்கள் இருக்கும் பங்குக்குப் போகிறவன் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னேன். மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அதனால உன் கை கோணாதே?" என்றார். "கோணாது சார்" என்றேன். எனக்கு இருபத்தொன்பது வயது. அந்த வயதில் நேர்மையை மீசை மாதிரி முறுக்கிவிட்டுக்கொண்டு திரிவேன்.

அக்கா வீட்டு முன்னறையில்தான் நாற்பது நாள் தங்கினேன். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். மறுபக்கம் துணி வெட்டுகிற மேஜை. அதில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். "ஊசி கீசி கிடக்கும், பாத்து உக்காருடா. அரசாங்க உத்தியோகஸ்தர் ஊசி தச்ச கால்சட்டையோட எழுந்து போகப்போறே" என்பாள். என் மருமகளுக்கு அப்போது எட்டு வயது. நான் வெளியே கிளம்பினால், "மாமா, இன்னைக்கு எந்த மலைக்குப் பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்பாள். வைப்பதில்லை, எழுதுவதுதான் என்று பத்துத் தடவை சொல்லியும் அவள் விடவில்லை.

மலைகள் ஏழும் சீக்கிரம் முடிந்தன. வடக்கே உள்ள ஒன்றுக்கு மட்டும் இரண்டு அண்ணன் தம்பிகள் இரண்டு பெயர் சொல்லி, பாகத் தகராறில் இருந்து ஆரம்பித்து, என் கண்ணெதிரே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். நூறு வருடத்துக்கு முன் எந்த மலையடிவாரத்தில் எந்தக் குழந்தை பிறந்தது என்று அதில் இருந்தது. எழுத்துப் பிரச்சினை பாதி அதிலேயே தீர்ந்தது. ஓடைகளிலும் பத்து முடிந்தன. பதினொன்றாவதற்கு மட்டும் நான் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அது அக்கா வீட்டுக்குக் கிழக்கே, பாலத்துக்கு அடியில் ஓடுகிற ஓடை. பழைய பெயர் வெள்ளைக்கல் ஓடை. ஞானஸ்நானப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஊரில் இப்போது என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குத் தெரிந்தது சாட்சி ஆகாது.

ஒருநாள் ரோடு போடுகிற மேஸ்திரியோடு அந்தப் பாலத்தில் நின்று பேச்சுக் கொடுத்தேன். போன மழைக்கு எங்கெங்கே கரை உடைந்தது என்று கேட்டேன். "மேல மில்லுகிட்ட உடைஞ்சுது, அப்புறம் இந்தச் சைக்கிள் ஓ..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார். வாய் பழகிப்போச்சு" என்றார். "இதுல மன்னிக்க என்ன இருக்கு" என்று நானே சிரித்து வைத்தேன். முதல் சாட்சி, புள்ளியோடு.

சைக்கிள் என்பது அக்கா புருஷனுடைய சைக்கிள். அவன் அந்த ஊர்த் தபால்காரன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அந்தப் பாலத்துச் சுவரில் சைக்கிள் சாத்தியிருந்தது, தபால் பை அதன் மேலேயே தொங்கியது, ஆளைக் காணோம். தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று ஊரே இறங்கிக் கம்பால் துழாவியது. இரண்டு நாள் அக்கா இடுப்பில் குழந்தையோடு கரையில் நின்றாள். மூன்றாம் நாள் தபால் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. வேறு ஊரில் இன்னொருத்தியோடு குடியேறிவிட்டதாகவும், சைக்கிள் பூட்டுச் சாவி மேஜை இழுப்பறையில் இருப்பதாகவும், சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். அக்காவுக்கென்று அதில் ஒரு வரி கிடையாது. நனைந்த துணியோடு கரையேறிய ஊர்க்காரர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், சிரிப்பு ஓய்ந்தபோது ஓடைக்குப் பெயர் மாறியிருந்தது.

அந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சில வகுப்பு மேலே படித்தவன். "தங்கமான பையன், கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்ன வாய் இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எதையோ பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். தலை நிமிராமலேயே கேட்டாள்.

"பாலத்து ஓடைக்கு என்னடா எழுதப்போற?"

"இன்னும் எழுதலக்கா."

"ஞானஸ்நானப் புஸ்தகத்துல இருக்கற பேரையே எழுதிடேன். சாமியார் சொல்லுவாரு, வாத்தியார் சொல்லுவாரு, நானும் சொல்றேன். மூணு பேர் ஆச்சுல்ல?"

"பழைய பேருக்கு ஆள் இருக்காங்க. ஆனா இப்ப புழக்கத்துல இருக்கற பேருக்குத்தான் முதல் இடம்."

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "புழக்கம்னா யாரு? இந்த ஊர்ல ஒரு இருநூறு பேரு. இன்னும் பத்து இருபது வருஷத்துல பாதிப் பேரு போய்ச் சேர்ந்துடுவாங்க, மீதிப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துடும். நீ எழுதலன்னா அது தானா செத்துடும்டா. நீ எழுதிட்டா என் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்து, அது பள்ளிக்கூடத்துல போயிக் கேக்கும், ஏன் டீச்சர் இதுக்குச் சைக்கிள் ஓடைன்னு பேருன்னு. எனக்காக நான் கேக்கல. நான் பட்டுப் பழகிட்டேன்."

பெயர்ப் பிரிவில் எட்டு வருடம் இருந்தவனுக்கு அவள் சொன்னது எவ்வளவு சரி என்று தெரியாதா? எழுதாத பெயர் ஒரு தலைமுறை தாங்காது. எழுதிய பெயர் எழுதினவனையும் தாண்டி இருக்கும். "பாக்கலாம்க்கா" என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் நான் பார்க்கலாம் என்று சொன்னால் செய்துவிடுவேன் என்றுதான் அர்த்தம். அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

பஸ் கண்டக்டர் அந்த ஊர்க்காரர்தான். பாலம் வரும்போது அவர் பாட்டுக்கு, "சைக்கிள் ஓடை எறங்கு" என்று கூவிவிட்டு, பின் சீட்டில் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது சாட்சி. மறுநாள் சாமியாரிடம் போனேன். "எனக்கு அது வெள்ளைக்கல் ஓடைதான் தம்பி. இன்னொரு பேரை நான் வாயால சொல்ல மாட்டேன்" என்றார். உபாத்தியாயரும் அப்படியே. ஆக இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அக்கா சொன்னதையும் எழுதினால் பழைய பெயருக்கு மூன்று. சொந்த அக்காவைச் சாட்சியாக எழுதினால் கை கோணிவிட்டது என்று ஆகிவிடுமோ என்று மனசு அரித்தது. வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். ஊரில் எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காகப் பழைய பெயரைச் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. நாளை நாளை என்று இழுத்தேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது நல்ல மழை. பகல் பதினொரு மணி இருக்கும். நான் மேஜையில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மெஷினில் இருந்தாள், உதட்டில் இரண்டு குண்டூசி. வாசலில் ஒரு லாரி நின்றது. டிரைவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்து, "மில்லுக்கு எப்படிம்மா போகணும்?" என்று கேட்டார்.

அக்கா மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "நேரா போங்க, சைக்கிள் ஓடைப் பாலம் தாண்டினதும் இடது கைப் பக்கம்" என்றாள்.

டிரைவர் போய்விட்டார். அவள் சொன்னதை அவள் கேட்கவில்லை. அவள் காலும் கையும் தைத்துக்கொண்டிருந்தன, வாய் தன் பாட்டுக்கு வழி சொல்லியிருந்தது. ஊர் முழுக்கப் பழகிய பெயர் அவளுக்கு மட்டும் எப்படிப் பழகாமல் இருக்கும்? நான்தான் கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. தூண்டிலில் மீன் விழுந்தவனுக்கு இருக்கிற சந்தோஷம். அந்தப் பெயரை எழுதக் கூடாது என்று கெஞ்சியவளே சொல்லிவிட்டாள், இதைவிடச் சுத்தமான சாட்சி உண்டா என்றுதான் தோன்றியது. அக்கா என்பதால் கை கோணியது என்று இனி எவனும் சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன்: தையல்காரி, பாலத்துக்கு மேற்கே மூன்றாவது வீடு. பக்கத்தில் புள்ளி வைத்தேன். மை காய்வதற்கு ஊதினேன்.

"என்னடா தனியா சிரிக்கிற?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

மேலதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து முதுகில் தட்டினார். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு. இரண்டு வருடத்தில் வரைபடம் அச்சாகி வந்தது. அதைப் பார்த்துச் சாலைத் துறை பாலத்தில் பலகை நட்டது. பலகையைப் பார்த்துப் பஸ் கம்பெனி டிக்கெட்டில் அச்சடித்தது. பள்ளிக்கூடச் சுவரில் படம் தொங்கியது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒவ்வொருவரும் எனக்கு முன்னால் எழுதினவனை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் நான் போனபோது அக்கா சண்டை போடவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மேல மாத்திட்டாங்களாடா?" என்று கேட்டாள். அவளாகவே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் குனிந்து அதன் வழியாக வெளியே போனேன். "ஆமாக்கா. நம்ம கையில என்ன இருக்கு" என்றேன். "எனக்குத் தெரியும். நீ எழுதியிருக்க மாட்டேன்னு இவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றாள். முதலில் செய்ததற்காவது விதி, நேர்மை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்குச் சொல்ல எதுவும் இல்லை. இது சுத்தமான பொய்.

மருமகள் பதினைந்து வயதில் ஒருமுறை என்னோடு பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். பாலத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே எழுந்தாள். "மாமா, இங்கயே எறங்கிடலாம்."

"ஏம்மா, இன்னும் ஒரு மைல் இருக்கே?"

"நடந்தா நல்லாருக்கும் மாமா."

பஸ் கிளம்பும்போது கண்டக்டர், பழையவர் இல்லை, கதை தெரியாத யாரோ இளைஞன், "அடுத்தது சைக்கிள் ஓடை" என்றான். அவள் அதற்குள் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் எத்தனை வருடமாக அங்கே இறங்கி நடக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மைலும் எனக்குப் பூட்ஸ் கடித்தது.

அந்தப் புள்ளி வைத்து இருபத்தாறு வருடம் போயிற்று. நான் பெயர்ப் பிரிவுக்குத் தலைவன் ஆனேன். வரைபடங்களைத் திருத்தி அச்சிடப் போகிறோம், ஆட்சேபம் இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்புப் போட்டோம். போட்டவனே நான்தான். அக்கா பங்கு முழுக்க நடந்து எழுபத்திரண்டு கையெழுத்து வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தாள். கிழவராகிவிட்ட மேஸ்திரிதான் முதல் கையெழுத்தாம், கண்ணில் தண்ணீர் விட்டாராம். "தபால்ல அனுப்புக்கா, நான் பாத்துக்கறேன், நீ அலைய வேணாம்" என்றேன். அவள் வரக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. பெயரை மாற்ற வேண்டுமானால் உயிரோடு இருக்கும் பழைய சாட்சிகள் தாங்கள் சொன்னதை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். பதிவேட்டைத் திறந்து காட்டியாக வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்கும் தைரியம் வரவில்லை.

அவள் வந்துவிட்டாள். "தம்பி இருக்கற ஆபீசு, எனக்கென்ன பயம்" என்று வாசல் காவலரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். கவுன்டரில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாப் பெண் இருந்தாள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மேஜையில். எழுந்து போவதற்குள் அந்தப் பெண் பதிவேட்டை விரித்துவிட்டாள்.

"முதல் சாட்சி மேஸ்திரி, அவர் எழுதிக் கொடுத்துட்டார். ரெண்டாவது கண்டக்டர், இறந்துட்டார், அது பரவாயில்ல. மூணாவது சாட்சி மட்டும் பாக்கி. அவங்க இருக்காங்களாம்மா? தையல்காரி, பாலத்துக்கு மேற்கே மூணாவது வீடு."

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விரலை மடக்கி வீடுகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு. மூன்றில் விரல் நின்றது.

"இது என்னம்மா புள்ளி?"

"யாரும் கேக்காம அவங்களாவே சொன்னாங்கன்னு அர்த்தம். ரொம்ப உறுதியான சாட்சி" என்றாள் அந்தப் பெண், நன்றாகப் படித்து வந்தவள்.

நான் அருகில் போய் நின்றேன். அக்கா என் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"மேல மாத்திட்டாங்கன்னு சொன்னியே" என்றாள்.

நான் பதிவேட்டை மூடப் போனேன், அவள் விரலை எடுக்கவில்லை.

"நான் எப்பச் சொன்னேன்?"

"ஒரு லாரி டிரைவர் மில்லுக்கு வழி கேட்டார்க்கா. மழை பெஞ்சுது. நீ உதட்டுல ஊசி வச்சிருந்தே."

அவள் கொஞ்ச நேரம் அந்த மழையைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது. "சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "பக்கத்துலதான உக்காந்திருந்த? அக்கா, நீயே சொல்லிட்ட பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டாள். சத்தமில்லாமல்தான் கேட்டாள். அந்தக் குமாஸ்தாப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

படிவத்தில் 'திரும்பப் பெறுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. தவறான தகவல், ஞாபகப் பிசகு என்று எதையாவது எழுதுவார்கள். அக்கா பேனாவை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, எழுதினாள்: 'வீட்டில் பேசியது. சாட்சி சொன்னதல்ல.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இந்தக் காரணம் போதுமா சார்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். ஏற்றுக்கொள்ளவோ தள்ளவோ அதிகாரம் எனக்குத்தான். போதும் என்றேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த அச்சில் அது வெள்ளைக்கல் ஓடை. பலகை மாறும், டிக்கெட் மாறும். அவள் கேட்டது இருபத்தாறு வருடம் கழித்து, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்போதே நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பஸ் ஸ்டாண்ட் வரை நான் வருகிறேன் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அவள் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "வரேன்மா, நல்லாயிரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மற்ற மனுதாரர்கள் சொல்வது போலவே, "ரொம்ப நன்றிங்க. வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.